கராச்சி மாமியாருக்கு ஒரு கொல்லிமலைத் தீர்ப்பு

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், அடுத்தவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று ஒரு தீர்ப்பு வரும். அது எனக்குச் சாதகமாக இருக்காது. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் பயம் பயம்தான்.

முதன்முதலில் அவர் குரலைக் கேட்டது ஒரு மத்தியான வேளையில். செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கேபிள் கடை. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. கடைக்குள் டிவி. டிவியில் ஒரு பங்களா. மாடிப்படியில் பட்டு உடுத்திய மருமகள் ஒருத்தி அழுதுகொண்டே இறங்குகிறாள். கீழே சால்வை போர்த்திய மாமனார் ஒரு விரலைத் தூக்குகிறார். அவள் அழுதுகொண்டே மறுபடி மேலே ஏறுகிறாள்.

வாசப்படிக்கு வெளியே, விரித்துப்போட்ட சாக்கின் மேலிருந்து அந்தக் குரல் வந்தது.

"வாங்குன பரியத்தத் திருப்பிக் குடுத்துட்டு ஆத்தா ஊட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதானுங்களே! ஏறி ஏறி எறங்குனா முட்டிதான் தேயும்."

சாக்கில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்கள் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். வழக்கு முடிந்தது.

விஷயம் இதுதான். மலையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால் பெண் அந்தப் பரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாய்வீடு போகலாம். பிறகு இன்னொருவரையும் கட்டிக்கொள்ளலாம். அந்த நாடகத்தின் ஆரம்பத்தில் பெட்டி, படுக்கை, குளிர்பெட்டி, ரிப்பன் கட்டிய கார் எல்லாம் ஒரு பங்களாவிலிருந்து இன்னொரு பங்களாவுக்குப் போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். பாஷை புரியாது. யாருக்கு யார் கொடுத்தது என்று தெரியாது. பெண்ணைக் கொடுத்து, அதன் மேல் சாமானையும் சேர்த்துக் கொடுக்கிற பைத்தியக்காரர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆகவே பரியம் என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு உண்மை தெரியும். நான் திருத்தவில்லை. திருத்தினால் என் கல்யாணத்தையும் சொல்ல வேண்டி வரும்.

கொல்லிமலையில் பாகிஸ்தான் நாடகம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் சங்கிலியால் வந்தது. கல்யாணமான அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் அதை விற்று, மொட்டை மாடியில் ஒரு பெரிய குடை ஆண்டெனா வைத்தார். தமிழ் படம் வரும், மலையே நம் காலடியில் கிடக்கும் என்றார். நான்கு நாள் குடையைத் திருப்பினார். ஐந்தாம் நாள் கண்ணாடி மாதிரி படம் வந்தது. ஒருவர் செய்தி வாசிக்கிறார். கீழே எழுத்து வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் வேறு ஒரு திசையில், வேறு ஒரு செயற்கைக்கோளில் இருக்கிறதாம்.

"அதுக்கு இன்னொரு கொடை வேணும்," என்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் என் காதுத் தோட்டில் போய் நிற்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த பூகோளத்தில் பாகிஸ்தான் என்றால் போலீஸ். அன்று முதல் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய் டிவியின் ஒலியைக் குறைப்பேன். லாரி சத்தம் கேட்டாலும் குறைப்பேன், அது ஜீப்பாக இருக்குமோ என்று.

இனி அவரைப் பற்றி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊர். சொந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போட்டிருந்தார். கிழங்கு மூட்டையை எங்கள் கடைக்கு எதிரே நிற்கும் லாரியில் ஏற்றிவிட்டு, லாரி கிளம்பும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நாடகத்தை மறுபடி போடுவார்கள். சாக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார். மலைக்காரர்கள் கடைக்கு உள்ளே வரக் கூடாது என்பது, கீழே சமவெளியிலிருந்து வந்த என் மாமியார் போட்ட சட்டம். அவர்களிடம் வாங்கிய மிளகும் தேனும் பலாப்பழமும் அடுப்படி வரை வரலாம். அதில் தீட்டு இல்லை.

என் மாமியார் உள்ளே நாற்காலியில். அவருக்கும் பாஷை தெரியாது. ஆனால் பங்களா மாமியார் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. தொழில் ஒன்றுதானே.

"பாத்தியா, எப்பிடி நிக்க வெச்சுப் பேசறா! அது குடும்பம்," என்பார் என்னைப் பார்த்து.

வாசலுக்கு வெளியிலிருந்து பதில் தீர்ப்பு வரும். "நிக்க வெச்சுப் பேசறதுக்கு அந்தம்மா என்ன சோளக்கொல்லையில காவலா வெச்சிருக்குது? மொதல்ல அந்தம்மாளுக்கு ஏதாச்சும் வேல குடுங்க. வேல இல்லாததுதான் வியாதி."

தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பசி மாதிரி. சண்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் இரண்டு பக்கத்தையும் கேட்டு, முடித்துவைத்தால்தான் கையில் இருக்கும் வெற்றிலை வாய்க்குப் போகும். டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டாலும், "நீ எப்ப வந்த, நீ எப்ப வந்த" என்று விசாரிப்பார். ஆனால் அவருடைய ஊரில் ஊர்க்கூட்டம் கூடினால் அவர் வாயைத் திறக்க முடியாது. பெண்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டு ஆம்பளைதான் பேசுவான். அதனால் ஊரில் சொல்ல முடியாத தீர்ப்பை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துவந்து பாகிஸ்தான் மேல் இறக்கினார்.

காதல் வழக்குகளில் அவருக்குப் பொறுமை குறைவு. ஒரு நாடகத்தில் பணக்கார வீட்டுப் பையன் ஏழைக் குமாஸ்தா மகளைக் காதலித்தான். நாலு மாசமாகக் காதலித்தான். ஜன்னல் ஓரத்தில் நிற்பான், டீ குடிப்பான், பெருமூச்சு விடுவான்.

"இவன் கையில என்ன தொழிலுங்க?" என்று கேட்டார்.

"அப்பாவுக்குப் பெரிய கம்பெனி இருக்கறாட்டம் தெரியுது," என்றேன்.

"அப்பனுக்கு இருக்குது சரி. இவனுக்கு?"

"டீ குடிக்கிறாரு."

"அந்தப் புள்ள தப்பிச்சா. எங்க பக்கம் ரெண்டு பேருக்கும் புடிச்சிருந்தா ஓடிருவாங்க. திரும்பி வந்தா அவராதம் கட்டி ஊருக்கு ஒரு சோறு போடோணும். கறிச்சோறா இருந்தா கோவம் சீக்கிரம் ஆறும். ஒரு நாள் சோத்துல முடியறதுக்கு இவிங்க வருசக் கணக்குல அழுவறாங்க. அரிசி இல்லையா அந்த நாட்டுல?"

என் வீட்டுக்காரரும் பார்ப்பார். அவர் இளகிய மனசுக்காரர். பங்களாவில் மருமகளை அடித்தால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். ஒரு நாள் அப்படித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்கப்பாகிட்ட அந்த ரெண்டாவது கொடைக்குக் கேட்டியா?" என்றார். கண்ணீர் இன்னும் காயவில்லை.

அந்தப் பரியக் குழப்பம் தீர்ந்தது ஒரு சந்தை நாளில். மிளகு வாங்க மலைக்கு வரும் பாய் ஒருவர், வீட்டில் உருது பேசுகிறவர், கடையில் தண்ணீர் குடிக்க நின்றார். டிவியைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைக்க மறந்துவிட்டார். சாக்குக்காரர்கள் விடுவார்களா?

"ஏனுங்க பாய், அந்தக் காரும் பெட்டியும் குடுத்துத்தான அந்தப் புள்ளயக் கட்டுனாங்க? அதத் திருப்பிக் குடுத்துட்டு அவ ஏன் போவ மாட்டேங்கறா?" என்று இவர் கேட்டார்.

"அது மாப்பிள்ளை குடுத்தது இல்லம்மா. பொண்ணோட அப்பா குடுத்தது."

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்குத்தான்."

இவர் மெதுவாகக் கேட்டார். "பொண்ணையும் குடுத்து, சாமானையும் குடுத்தாங்களா? ஏனுங்க, பொண்ணுக்கு ஏதாச்சும் கொறையா? கை கால் நல்லாத்தான இருக்குது?"

பாய் சிரித்தார். "மஹர்னு ஒண்ணு இருக்கும்மா. மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்க வேண்டியது. எங்க மார்க்கத்துல அதுதான் சட்டம்."

"குடுத்தானா?"

"எழுதி வெப்பாங்க."

"எழுதி வெச்சா ஆச்சுங்களா? நானு கெழங்க எழுதி வெச்சா லாரிக்காரன் ஏத்திக்குவானா?"

பாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். மார்க்கத்தைச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எங்க பக்கமும் அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டேன். "எங்கப்பா நகை போட்டாரு, பாத்திரம் குடுத்தாரு, பீரோ குடுத்தாரு. மேல இருக்கற கொடைகூட என் சங்கிலிதான்."

அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். அதுவரை என்னை "ஏனுங்க அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். கடைக்காரி, கீழ்நாட்டுக்காரி, வாசப்படிக்கு உள்பக்கம் நிற்கிறவள். நானோ அவரை நீ வா போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். மாமியார் பழக்கிய பழக்கம்.

"உக்காரு கண்ணு," என்றார் அன்று. சாக்கில் இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை. உள்ளே மாமியார் இருந்தார். ஆனால் அந்தக் "கண்ணு" என்ற சொல் என்னைக் கலக்கிவிட்டது. அவர் மனசில் நான் ஒரே நிமிஷத்தில் பணக்காரியிலிருந்து பாவப்பட்டவளாக இறங்கிவிட்டேன் என்று புரிந்தது. அடுத்த நாளிலிருந்து நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மாமியார் காதில் விழாமல்.

அவர் ஒரே ஒரு வழக்கில்தான் தீர்ப்புச் சொல்லவில்லை.

புதிதாக ஒரு நாடகம் வந்தது. அதிலும் பங்களாதான், மாமியார்தான். மருமகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டாள். மாமியார் அவளை மழையில் கேட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். கைக்குழந்தை உள்ளே. மருமகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கிறார். எனக்குப் பார்க்க முடியவில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் மாமியார் என்னோடு சண்டை போட்டால் முதலில் செய்கிற காரியம், அவளைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொள்வதுதான்.

நான் வெளியே பார்த்தேன். சாக்கில் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நானே கேட்டேன். "நேத்து ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டீங்களேக்கா?"

"என்னத்தச் சொல்றது? நானும் மொதப் புருசன உட்டுட்டு வந்தவதான் கண்ணு. குடிச்சுப்போட்டு அடிப்பான். பரியத்தத் திருப்பிக் குடுத்தோம். அத்து உட்டாங்க. கூட்டத்துல எங்கண்ணன்தான் பேசுனாரு. நானு புளியமரத்தடியில தள்ளி நின்னேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வந்து சொன்னாரு. பையன் எங்கன்னு கேட்டேன்." வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். "பரியம் குடுத்தவங்களுக்குத்தான் புள்ள. அது எங்க சட்டம். மூணு வயசு அவனுக்கு. நீ கேக்கச் சொல்லலியேன்னாரு எங்கண்ணன். கேக்கறதுக்கு என்னைய எங்க உட்டாங்க?"

பிறகு வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார். "இரு பாப்பம். அந்தப் பாகிஸ்தான்காரங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு அப்பறம் சொல்றன்."

பார்க்க முடியவில்லை. அந்த வருஷம்தான் எல்லையில் சண்டை வந்தது. நான் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த ஜீப் ஒரு நாள் நிஜமாகவே வாசலில் வந்து நின்றது. கவலைப்படுகிறவர்களுக்கு இது ஒன்றுதான் லாபம்; எப்போதாவது ஒரு முறை, பார்த்தாயா நான் அப்போதே நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"பாகிஸ்தான் சேனல் இனி ஓடக் கூடாது. மேலிடத்து உத்தரவு," என்றார் வந்தவர்.

என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். சாக்கிலிருந்து இவர் எழுந்தார். "சாமி, கேசு பாதியில நிக்குதுங்க. அந்தப் புள்ள யாருகிட்டப் போச்சுன்னு தெரியாம எப்பிடி நிறுத்துவீங்க?"

"ஏம்மா, அங்க நாட்டுக்கு நாடு சண்டை நடக்குது."

"அது இப்ப வந்த சண்டைங்க. இது முன்னாலயே வந்துது."

டிவி அணைந்தது. எல்லையில் விழுந்த குண்டு எவ்வளவு தூரம் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. நேராக என் தலைக்கு வந்தது. கடையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஊரில் கனெக்‌ஷன் கொடுத்த வீடுகள் எல்லாம் கேட்கின்றன. இரண்டாவது குடை இல்லாமல் இனிமேல் முடியாது.

"உங்கப்பன் ஊட்டுக்குப் போயி கொடைக்கு வழி பண்ணிட்டு வா," என்றார் மாமியார். "புள்ள இங்கயே இருக்கட்டும். பஸ்ஸுல அத்தன வளைவுக்கும் வாந்தி எடுக்கும்."

என்ன கரிசனம்.

என் அப்பா ஊர் மலைக்குக் கீழே, புளியஞ்சோலைப் பக்கம். வெங்காயம் போட்டு அந்த வருஷம் விலை போகாமல் கிடந்தது. அப்பா என்னைப் பார்த்தார், பின்னால் இருந்த வெங்காயக் காட்டைப் பார்த்தார். "விக்கறதுன்னா இதுதான் கண்ணு இருக்குது," என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் மலை ஏறினேன். எழுபது வளைவிலும் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். பஸ் உருண்டுவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லையே என்றுகூட ஒரு வளைவில் நினைத்தேன்.

"கொட எங்க?" என்றார் மாமியார், வாசப்படியில் நின்று. என் மகள் அவர் இடுப்பில்.

"அப்பாகிட்ட இல்லீங்க அத்தை."

"அப்பறம் எதுக்கு வந்த? வாரப்ப கொடையோட வா. அதுவரைக்கும் புள்ள எங்ககிட்டத்தான் இருக்கும்."

மகள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். என் வீட்டுக்காரர் ஒரு ஒயரைப் பிரித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு சொன்னேனே, இளகிய மனசு. பங்களாவில் நடந்திருந்தால் அழுதிருப்பார்.

எனக்குப் போக இடமில்லை. வாசலில் அந்தச் சாக்கு கிடந்தது. உட்கார்ந்தேன்.

லாரிக்குக் கிழங்கு ஏற்ற வந்தவர் என்னைப் பார்த்தார். உள்ளே அழுகிற குழந்தையைப் பார்த்தார்.

"இன்னிக்கு நாடகம் வெளியிலயா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். "சொல்லு. பரியம் யாரு குடுத்தது?"

"விளையாடாதீங்கக்கா."

"வெசாரிக்கறன். சொல்லு."

"எங்கப்பா."

"கொடைக்கு?"

"என் சங்கிலி."

"அப்ப குடுத்தவங்க நீங்க. வாங்குனவங்க அவிங்க. எங்க சட்டப்படி பாத்தா அவந்தான் உனக்கு வாக்கப்பட்டு வந்தவன்." வெற்றிலை வாய்க்குள் போனது. "வேண்டாம்னா அவன் பரியத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போவட்டும். ஆனா புள்ள குடுத்தவங்களுக்குத்தான்."

"அதெல்லாம் எங்க பக்கம் செல்லாதுங்கக்கா."

"எம் பையனக் கொண்டுபோனப்ப மட்டும் செல்லுச்சில்ல? அதே சட்டம் இன்னிக்கு ஒரு நாளு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கட்டும்."

அன்று அவர் வீட்டில் தங்கினேன். சாமைச் சோறு போட்டார். நான் சாப்பிடாமல், மகளுக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ என்றேன், பால் குடித்திருப்பாளோ என்றேன், அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டால் என்றேன். "ஒவ்வொரு கவலையா படு கண்ணு, வரிசையில நிக்கட்டும்," என்றார்.

காலையில் கடைக்குப் போனோம். முன்னால் அவருடைய அண்ணன், வெள்ளைத் துண்டும் கையில் தடியுமாக. பின்னால் நாலு ஆட்கள். அவர்களில் ஒருவர் கையில் லாரிக்காரரிடம் வாங்கிய ஸ்பேனர். அண்ணன்தான் பேசுவார் என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆம்பளை பேசினால்தான் கூட்டத்தில் எடுபடுமாம்.

வாசலில் அண்ணன் நின்றார். தொண்டையைக் கனைத்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"எங்கண்ணன் சொல்றாரு," என்று இவர் ஆரம்பித்தார், "பரியம் இந்தப் புள்ளயோட அப்பன் ஊட்டுல குடுத்ததுங்களாம். அத மொதல்ல எடுத்து வெக்கச் சொல்றாரு."

அண்ணன் தலையாட்டினார்.

"யாரு ஊட்டு வாசல்ல வந்து யாரு பேசறது? பரியமாமில்ல பரியம்!" என்றார் மாமியார்.

"எங்கண்ணன் சொல்றாரு, அதுக்கு என்ன பேரு வெச்சாலும் எங்களுக்கு ஒண்ணும் சண்டை இல்லீங்களாம். வாங்குனீங்களா, இல்லியாங்கறாரு."

"வாங்குனோம். எல்லாரும் வாங்கறதுதான்."

"வாங்குனோம்னு ஒத்துக்கிட்டாங்க, கேட்டுக்கங்கண்ணா. புள்ள குடுத்தவங்களுக்கு. பரியம் திரும்பி வரோணும். பரியத்துல மேல நிக்கறது ஒண்ணு. டேய், ஏறுங்கடா!"

ஆட்கள் மாடிக்கு ஏறினார்கள். ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. என் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். இவ்வளவு நாளில் நான் அதைப் பார்த்ததில்லை.

"போலீசக் கூப்புடுவன்! ஜீப்பு இப்ப வந்து நிக்கும் பாரு!"

அப்போதுதான் அண்ணன் பேசினார். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம்.

"வரட்டுங்க. கொடை இன்னும் எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குதுன்னு அவிங்களே பாக்கட்டுங்க."

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கடைக்கு ஒளிபரப்பு நின்றாலும் வீட்டுக்குள் கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து வைத்து, என்னைச் சேர்க்காமல் அவரும் மாமியாரும் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றவள் கதையை முந்தின வாரம் வரை பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. குடை திரும்பவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரிந்தது.

மேலே ஒரு போல்ட் கழன்று தகரத்தில் உருண்டது. இரண்டாவது கழன்றது. குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிறீச் என்றது. என் வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்.

"கொடையை உட்டுருங்க! ஐயோ, வளைஞ்சு போயிரும், உட்டுருங்க!"

"அப்ப புள்ள?" என்றார் இவர்.

"அம்மா, அதக் குடுத்துரும்மா! மொதல்ல அதக் குடுத்துரு!"

அவ்வளவுதான். குடைக்கும் மகளுக்கும் நடுவில் அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூட நான் இன்று கொஞ்சம் மரியாதையாக எழுதியிருப்பேன். யோசிக்கவில்லை. மாமியார் இடுப்பிலிருந்து அவரே பிடுங்கி, வாசப்படி தாண்டி என் கையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடினார், போல்ட் தேட.

மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"பரியத்த உட்டுக் குடுத்தாச்சு," என்று இவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "எங்கண்ணன் சொல்றாரு."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தோன்றுகிறது, அவரும் அந்தப் புளியமரத்தடியைத்தான் நினைத்திருப்பார்.

அப்பா ஊருக்குப் போகப் பஸ் வர நேரமிருந்தது. அக்காவும் நானும் நின்றோம். அவர் என் மகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். மண் போன பிறகும் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் பஸ்ஸில் எல்லாரும் கேட்பார்களே என்ற கவலையும் கூடவே வந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டேன்.

"ஏங்கக்கா, அந்த நாடகத்துல கேட்டுக்கு வெளிய நின்னாளே, அவளுக்குப் புள்ள கெடைச்சிருக்குமா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மற்ற வழக்குகளுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"கெடைச்சிருக்காது கண்ணு. அவளுக்காக யாரு போயிப் பேசறது? நானு போவேன். ஆம்பள இல்லாம கூட்டத்துல உட மாட்டாங்க, எங்கண்ணனையும் கூட்டிட்டுப் போவோணும். அவருக்கு நாமக்கல்லத் தாண்டுனாலே பஸ்ஸுல வாந்தி வரும்."